பாறைக்குத் தாங்கும் பேன்ட் எது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

காஞ்சிபுரத்தில் மலை கிடையாது. ஏரியும் வயலும் கோபுரங்களும்தான். ஆனாலும் பௌர்ணமி வந்தால் இங்கிருந்து வேன் பிடித்துப் பர்வதமலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கல்லூரிப் பிள்ளைகள் நாகலாபுரத்து ஓடைகளுக்கும் ஜவ்வாது மலைக்கும் கிளம்புகிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சனி ஞாயிறில் ராமநகரத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுகிறார்கள். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலைப்பாதைகள் பதிவு செய்து நடக்கத் திறந்துவிடப்பட்டன. அதற்கப்புறம் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: கிழியாத பேன்ட் எது?

கிடைக்கிற பதில்களில் பாதி தப்பு. நூலும் தறியுமாக வாழ்கிற ஊரில் இப்படித் தப்பான பதில்கள் உலவுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம்பிக்கை: துணி தடிமனாக இருந்தால் நாள்பட உழைக்கும்.

உண்மை: பாறை துணியை மூன்று விதமாகச் சோதிக்கிறது. காலை உயரத் தூக்கும்போது இழுக்கிறது. முள்ளோ கல்முனையோ மாட்டினால் கிழிக்கிறது. முழங்காலை ஊன்றி ஏறும்போதும், உட்கார்ந்தபடியே சரிந்து இறங்கும்போதும் தேய்க்கிறது. இந்த மூன்றில் ஒன்றைத் தாங்குகிற துணி மற்ற இரண்டையும் தாங்கிவிடும் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்துக் கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கத்தியின் இரும்பே ஐந்தரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அப்படிப்பட்ட படிகங்கள் துருத்திக்கொண்டிருக்கும் பாறை, துணிக்கு உப்புத்தாள் மாதிரி. ஆய்வுக்கூடங்களில் மார்ட்டின்டேல் என்ற இயந்திரம் இந்தத் தேய்மானத்தைத்தான் அளக்கிறது. துணியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, இழைகள் அறுவதற்கு எத்தனை தேய்ப்பு ஆகிறது என்று கணக்கு வைப்பார்கள்.

அந்தக் கணக்கில் தடிமனுக்கும் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு நூலின் முறுக்குக்கும் நெசவின் நெருக்கத்துக்கும். நம் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் பாவு (தறியில் நெடுக ஓடும் நூல்) பிணைக்கிறவர்களின் விரல்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பழைய பாவு தீரும் நேரத்தில், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கிவிடுவார்கள். முடிச்சுக் கிடையாது. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். அந்த முறுக்கு ஒன்றை நம்பித்தான் இணைத்த இடம் அச்சுப் பல்லுக்குள் நுழைந்து, அறாமல் மறுபக்கம் வருகிறது. முறுக்குக் குறைந்த நூலில் எவ்வளவு தடிமனாக நெய்தாலும் மேற்பரப்பு பஞ்சுபஞ்சாக எழும்பி, சீக்கிரம் இளைத்துவிடும்.

கடையில் இதைச் சோதிக்க இயந்திரம் வேண்டாம். பேன்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்ச்சி. அடுத்து நகத்தால் குறுக்கே அழுத்திக் கீறுங்கள். இழைகள் விலகி வழி விட்டால், முதல் முள்ளுக்கே அது வழி விடும். கனமான ஜீன்ஸ் துணி சதுர மீட்டருக்கு 450 கிராமுக்கு மேலும் இருக்கும். பாறை ஏறுகிறவர்கள் போடும் நல்ல பேன்ட்டுகள் பல 250 கிராமுக்குள் அடங்கிவிடும். எடை பாதி என்பதால் உழைப்பும் பாதி என்று ஆகிவிடாது.

நம்பிக்கை: ஜீன்ஸை மிஞ்சிய உறுதி இல்லை.

உண்மை: அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். காப்புரிமை துணிக்கு இல்லை. பாக்கெட் முனைகளில் அடித்த செம்பு ரிவெட்டுக்கு. உழைப்பாளிகளின் பேன்ட் பிய்ந்தது முனைகளில், தையலில். அந்த இடத்தைப் பார்த்து வைத்தியம் செய்ததுதான் அவர்கள் புத்திசாலித்தனம்.

ஜீன்ஸ் துணி தேய்மானத்தை நன்றாகவே தாங்கும், மறுக்கவில்லை. மலையில் அது தோற்பது வேறு காரணத்தால். பர்வதமலையில் கடப்பாரை நெட்டு ஏறியவர்களுக்குத் தெரியும்: பாறையில் அடித்திருக்கும் கடப்பாரைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கால் வைக்க, முழங்கால் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். வியர்வையில் ஊறிய ஜீன்ஸ் தொடையோடு ஒட்டிக்கொண்டு அந்தக் காலைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தும். சங்கிலியைப் பிடித்துத் தொங்குகிற இடத்தில் அது ஆபத்து. நாகலாபுரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறினால், அன்று முழுக்க ஈரச் சுமையோடுதான் நடை, உள்தொடை புண்ணாகும்.

ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் இதற்குத் தீர்வு என்பார்கள். வளைந்துகொடுப்பது அதில் சேர்த்த எலாஸ்டேன். 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழை. காலைத் தூக்க மிகவும் உதவும். ஆனால் பிளீச்சும் அதிகச் சூடும் அதைக் கெடுக்கும். சூடான இஸ்திரியும் பிளீச்சும் தொடர்ந்து பட்டால் முழங்காலில் பை விழுந்துவிடும். துணி நீள்வது வசதிக்கு. அதை உறுதிக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கை: பட்டு மென்மையானது, மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மை: இதை நம் ஊரிலேயே கேட்க நேர்வதுதான் எனக்கு வருத்தம். ராமநகரம் என்றால் சினிமா ரசிகர்களுக்கு 'ஷோலே' படமெடுத்த பாறைகள். பாறை ஏறுகிறவர்களுக்கு நல்ல பயிற்சிக் களம். நெசவு ஊருக்கோ அது பட்டுக்கூட்டுச் சந்தை. காஞ்சித் தறிகளுக்கு வரும் பட்டு நூலில் பெரும்பங்கு கர்நாடகத்து நூல். பாறையும் பட்டும் ஒரே ஊரில்தான் விளைகின்றன.

1924-இல் எவரெஸ்ட்டில் காணாமல்போன ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்தபோது, உடைகளின் துண்டுகளும் கிடைத்தன. பட்டு, பருத்தி, கம்பளி என அடுக்கடுக்காக அணிந்து, மேலே காபர்டீன் என்ற நெருக்கமாக நெய்த துணியைப் போட்டிருந்தார். அதே மாதிரி உடையைத் திரும்பத் தயாரித்து, 2006-இல் கிரஹாம் ஹாய்லண்ட் எவரெஸ்ட்டிலேயே அணிந்து பார்த்தார். பட்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுத்ததால் உடல் தடையின்றி அசைந்தது.

பட்டு இழுப்புக்கு வலுவான இழை. ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்கூட அறாமல் வரும்; பருத்தி நாரின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஒரு காலத்தில் பாராசூட் துணியே பட்டுதான். அதன் பலவீனங்கள் வேறு: வெயில், வியர்வை, உரசல். நனைந்தால் வலுவும் கொஞ்சம் குறையும். ஆகவே பட்டு உடம்போடு ஒட்டி உள்ளே இருக்க வேண்டியது. பாறையைத் தொடும் வெளித்துணிக்கு அது ஆகாது.

நம்பிக்கை: காட்டன்தான் நல்லது, நைலான், பாலியெஸ்டர் எல்லாம் மட்டம்.

உண்மை: இதற்கு நேரெதிராக, மலையேற்றக் குழுக்களில் "காட்டனே கூடாது" என்று அடித்துச் சொல்வார்கள். குளிர்நாட்டு அனுபவம் அது. நனைந்த பருத்தி குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்; இமயமலையில் அது உயிருக்கே கேடு. ஊட்டி, கொடைக்கானல் மழையிலும் அந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால் ஜவ்வாது மலையின் பங்குனி வெயிலில் அதே ஈரம் உடம்பைக் குளிர்விக்கிறது. இன்னொன்று, பருத்தி நனைந்தால் வலு கூடும். நம் வீட்டு வேட்டியையும் போர்வையையும் கல்லில் அடித்துத் துவைத்தும் அவை பிழைத்து வந்தது அதனால்தான். பார்க்கப் பருத்தி போலவே இருக்கும் ரேயான் அப்படியில்லை; நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். லேபிளில் ரேயான், விஸ்கோஸ் என்று இருந்தால் மலைக்கு வாங்காதீர்கள்.

தேய்மானத்தில் நைலானை மிஞ்சுவது கடினம். வளைந்து, நசுங்கி, பழைய நிலைக்குத் திரும்புகிற குணம் அதற்கு உண்டு. ரிப்ஸ்டாப் துணியில் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிவது அலங்காரத்துக்கு இல்லை. இடைவெளி விட்டுக் கனத்த இழை ஓட்டியிருப்பதால், கிழிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். இரண்டாம் உலகப்போரில் பட்டு கிடைக்காமல் போனபோது நைலான் பாராசூட்டுகளுக்காக வளர்ந்த நுட்பம் இது.

நைலானுக்கு எதிரி நெருப்பு. தீப்பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். உருகியது தோலில் ஒட்டும். அடுப்பு மூட்டும் வேலை இருந்தால் பருத்தி கலந்த பேன்ட்டே நல்லது. எந்தப் பேன்ட்டும் காட்டுத்தீயிலிருந்து காப்பாற்றாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். வனத்துறை கோடையில் பாதையை மூடினால், மூடியதுதான். திருட்டுத்தனமாக ஏறாதீர்கள்.

நம்பிக்கை: கவட்டில் கிழிந்தால் துணி மட்டம் என்று அர்த்தம்.

உண்மை: பெரும்பாலும் குற்றம் வெட்டில் இருக்கிறது. சாதாரணப் பேன்ட்டின் கவட்டில் நான்கு துண்டுகளும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. காலை அகட்டினால் மொத்த இழுப்பும் அந்தப் புள்ளிக்குப் போகும். தையல் விடும், தையல் பலமாக இருந்தால் பக்கத்துத் துணி கிழியும். பள்ளிக்கூடத்தில் 'தபால்பெட்டி' என்று பிள்ளைகள் கேலி செய்த கிழிசல்களில் பலவற்றுக்கு வழி இங்கேதான் பிறந்தது.

வைத்தியம் எளிது. கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். ஒரு புள்ளியில் விழுந்த இழுப்பு நான்கு மூலைக்கும் பிரிந்துபோகும். காலும் தாராளமாக அகலும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பாறைகளில் ஏறிப் பேர் வாங்கிய மைக் கிரஹாம், 1982-இல் கிரமிச்சி என்ற நிறுவனத்தைத் தொடங்கி இந்த வெட்டைப் பாறையேறிகளிடம் பரப்பினார். நம் தையற்காரர்களுக்கு இது புதிதே இல்லை. சல்வாரின் கவட்டில் துண்டு வைத்துத் தைத்தவர்கள்தான் அவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பர்வதமலை ஏறும் பெரியவர்கள், மூச்சிரைக்கும் ஜீன்ஸ்காரர்களை இயல்பாகத் தாண்டிப் போவதற்கும் கால் அசையக் கிடைக்கும் இடம் ஒரு காரணம்.

நம்பிக்கை: விலை கூடினால் ஆயுள் கூடும்.

உண்மை: ஸ்வீடனின் ஃபியல்ராவன் நிறுவனம் 1968-இலிருந்து விற்றுவரும் ஜி-1000 துணி உலகப் புகழ்பெற்றது. அதில் 65 விழுக்காடு பாலியெஸ்டர், 35 விழுக்காடு பருத்தி. நம் ஊரில் இதற்குப் பெயர் டெரிகாட்டன். ஆட்டோ ஓட்டுநரும் பேருந்து நடத்துநரும் வருஷக்கணக்கில் உடுத்தும் காக்கியும் இந்தக் குடும்பம்தான். ஸ்வீடன் துணியின் நெருக்கமும், மேலே பூசும் மெழுகும் சாதாரண டெரிகாட்டனில் இருக்காது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நெருக்கமாக நெய்த டெரிகாட்டன் டிரில் துணியை ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். லேபிளில் சந்தேகம் வந்தால், பட்டுக்குச் செய்கிற சோதனையையே செய்யுங்கள். உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பல் ஆனால் பருத்தி. உருகிக் கெட்டியான மணி போல நின்றால் செயற்கை இழை. இரண்டும் தெரிந்தால் கலப்பு.

நாள்பட உழைப்பதில் துவைக்கிறவர் கையும் இருக்கிறது. உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவையுங்கள், நிழலில் உலர்த்துங்கள். நைலானும் பட்டைப் போலவே வெயிலில் நைந்துபோகும். ஓட்டை விழும்வரை காத்திராமல், முழங்காலும் பின்பக்கமும் இளைக்கும்போதே உள்ளிருந்து ஒட்டுப் போட்டுவிடுங்கள்.

என் பரிந்துரை இதுதான். டெரிகாட்டன் டிரில் எடுத்து, பழக்கமான தையற்காரரிடம் கொடுங்கள். கவட்டில் நாலைந்து அங்குலத்துக்குச் சாய்சதுரத் துண்டு, முழங்காலில் டார்ட்டும் (வளைவுக்காக மடித்துத் தைப்பது) இரட்டைத் துணியும், பாலியெஸ்டர் நூலில் தையல், உள்தொடையில் விளிம்பை மடக்கி இரண்டு வரி என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வாங்கப் போகும்போது குந்தி உட்கார்ந்து, ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் பணம் கொடுக்கும்முன் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்.