நொய்யல் நீரும் எலக்ட்ரான் வரைபடமும்

அணு அமைப்பு என்னும் பாடத்தைக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கற்பித்துவருவோரின் அனுபவத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் இடறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ரூதர்ஃபோர்டு 1911-இல் அணுக்கருவை அறிவித்ததையும், சாட்விக் 1932-இல் நியூட்ரானைக் கண்டறிந்ததையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரே, சோடியம் அயனியில் எத்தனை புரோட்டான்கள் என்று கேட்டால் பத்து என்று எழுதிவிடுகிறார். வரலாற்றைக் கற்ற அளவுக்கு அவர் எண்ணிப் பழகவில்லை என்பதே இதற்குக் காரணம்.

அணுக்கருவில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமையற்ற நியூட்ரான்களும் உள்ளன. கருவுக்கு வெளியே எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் உள்ளன. புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண்; அது தனிமம் எது என்பதைத் தீர்மானிக்கிறது. புரோட்டான், நியூட்ரான் இரண்டன் கூடுதல் நிறை எண் எனப்படும். புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் சமமாக இருந்தால் அணு நடுநிலையில் இருக்கும். எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ அது மின்சுமை பெற்ற அயனியாகிறது. நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்கள் ஐசோடோப்புகள். எந்தக் கணக்கைத் தொடங்குமுன்னும் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்று மூன்று பத்திகள் வரைந்து, புரோட்டானை முதலில் நிரப்பி, அயனியானாலும் ஐசோடோப்பானாலும் அந்தப் பத்தியைத் தொடாமல் விடும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், பாதிப் பிழைகள் தாமாகவே மறைகின்றன.

எலக்ட்ரான் வரைபடத்தில் எழும் சிக்கல் வேறு வகையானது. இயற்பியலாளர் போர் 1913-இல் முன்வைத்த மாதிரியின்படி எலக்ட்ரான்கள் கே, எல், எம், என் எனப்படும் கூடுகளில் அமைகின்றன. சோடியத்தின் பதினொரு எலக்ட்ரான்களை 2, 8, 1 என்றும் குளோரினின் பதினேழை 2, 8, 7 என்றும் மாணவர் எளிதில் எழுதுகின்றனர். பொட்டாசியத்துக்கு வந்ததும், மூன்றாம் கூடு பதினெட்டைத் தாங்கும் என்ற விதியை நினைத்துக்கொண்டு 2, 8, 9 என்று எழுதுகின்றனர். வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் எலக்ட்ரான்கள் நிற்பதில்லை என்ற இரண்டாம் விதியையும் உடன்வைத்துப் பார்த்தால்தான் 2, 8, 8, 1 என்ற சரியான அமைப்பு கிடைக்கும். எனவே இவ்விரு விதிகளையும் தனித்தனி நாள்களில் கற்பிப்பதைவிட, பொட்டாசியத்தையே எடுத்துக்காட்டாக வைத்து ஒருசேரக் கற்பிப்பது நல்லது.

ஐசோடோப்புக்குக் குளோரினின் அணு நிறையே பொருத்தமான தொடக்கம். தனிம வரிசை அட்டவணையில் 35.5 என்று கண்டதும் பதினேழைக் கழித்துப் பதினெட்டரை நியூட்ரான்கள் என்று எழுதும் மாணவர் எல்லா வகுப்பிலும் உண்டு. இயற்கைக் குளோரினில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குளோரின்-35, ஒரு பங்கு குளோரின்-37 என்றும், அட்டவணை தருவது அவற்றின் சராசரி என்றும் கணக்கிட்டுக் காட்டினால் போதும். அடுத்த எடுத்துக்காட்டு உழவர் வீடுகளிலேயே இருக்கிறது: பொட்டாஷ் உர மூட்டையில் உள்ள பொட்டாசியத்தில் பதினாயிரத்துக்கு ஓர் அணு அளவில் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 கலந்திருக்கிறது. பழனிக்கு அருகில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கிடைத்த நெல்மணிகளுக்குக் கி.மு. 490 என்ற காலத்தைக் குறித்துத் தந்ததும் ஓர் ஐசோடோப்புதான். எட்டு நியூட்ரான்கள் கொண்ட கார்பன்-14 அது, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவது.

இப்பகுதி மாணவர் அயனியை அறிய நொய்யல் ஆற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. பருத்தி இழை நீரில் நனையும்போது அதன் மேற்பரப்பு எதிர்மின்தன்மை பெறுகிறது. பனியன் துணிக்கு ஏற்றப்படும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின் அயனிகளே. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதால் சாயம் துணியை நெருங்குவதில்லை. இந்த விலக்கத்தைத் தணிக்கவே சாயப்பட்டறைகளில் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ பெருமளவில் கரைக்கிறார்கள். சோடியத்தின் நேர்மின் அயனிகள் இடையே புகுந்து மின்சுமையை மறைக்க, சாயம் இழையில் ஏறுகிறது. உப்போ துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

இவ்விடத்தில் எலக்ட்ரான் வரைபடத்துக்குத் திரும்புவது அவசியம். வெளிக்கூட்டின் ஒற்றை எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனியின் அமைப்பு 2, 8. அது நியான் வாயுவின் அமைப்பு. ஓர் எலக்ட்ரானைப் பெற்ற குளோரைடு அயனியின் அமைப்பு 2, 8, 8; அது ஆர்கானின் அமைப்பு. இரண்டின் வெளிக்கூட்டிலும் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்துவிட்டன. சாய மூலக்கூற்றை நுண்ணுயிரிகளாலும் வேதிப்பொருள்களாலும் உடைத்து நிறத்தைப் போக்க இயலும். ஆனால் இந்த அயனிகளை அதற்குமேல் சிதைக்க எந்த நுண்ணுயிரியாலும் இயலாது. ஆகவேதான் நிறம் நீங்கித் தெளிந்த கழிவுநீரும் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையிலும் கரையோரக் கிணறுகளிலும் உப்பைக் கொண்டு சேர்த்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, எஞ்சியதை ஆவியாக்கி உப்பை மீட்கும் நிலையங்கள் கட்டாயமானதும் இந்தச் சிதையாத் தன்மையின் விளைவே. சோடியம் படிந்து இறுகிய வயல்களுக்கு ஜிப்சம் இடச் சொல்வதும் அயனிக் கணக்குதான்: இரட்டை மின்சுமை கொண்ட கால்சியம் அயனி களிமண் துகளை உறுதியாகப் பற்றிக்கொண்டு சோடியத்தை வெளியேற்ற, அது நல்ல தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவப்பட்டுப் போகிறது.

வகுப்பில் இதை மெய்ப்பிக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர் போதும். இக்கருவி நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பின் அளவை மதிப்பிடுகிறது. வடிகட்டிய நீரில் சர்க்கரையைக் கரைத்தால் எண் ஏறக்குறைய அசைவதில்லை, ஏனெனில் சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை. ஒரு சிட்டிகை உப்பு விழுந்ததும் எண் தாவி ஏறுகிறது. உப்பில் இருப்பது அயனியே, நீர் பட்டால் தீப்பற்றும் சோடியம் உலோகம் அன்று என்பதை இவ்வொரு சோதனையே மாணவர் மனத்தில் நிறுத்துகிறது. அடுத்து சிறுவாணித் தண்ணீரையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் அளக்கச் செய்யலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதெனக் குறித்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை.

ஆயினும் கருவி காட்டும் எண் எந்த அயனி என்பதைச் சொல்வதில்லை. கால்சியமா, சோடியமா, ஃபுளோரைடா என்பதை ஆய்வகச் சோதனையே சொல்லும். இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அட்டவணையைத் திறக்குமுன் ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டுத் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவரச் சொல்லி, அளந்து, ஊர்ப்பெயரோடு கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார்களாக.