இயக்குநர் கூற்றும் ஆய்வுச் சான்றும்: ஹிட்ச்காக் – த்ரூஃபோ உரையாடலை முன்வைத்து

முன்னுரை

தமிழ்த்துறைகளில் திரைப்படம் ஆய்வுப்பொருளாக ஏற்கப்பட்ட பின்னர், இயக்குநர்களின் நேர்காணல்களும் தன்வரலாற்றுக் குறிப்புகளும் ஆய்வேடுகளில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஒரு காட்சி ஏன் அவ்வாறு அமைந்தது என்ற வினாவுக்கு இயக்குநரே எங்கேனும் விடை கூறியிருப்பின், அவ்விடையை மேற்கோளாகக் காட்டிவிட்டு ஆய்வாளர் அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகிறார். கவிஞர் தம் கவிதைக்குத் தாமே கூறும் விளக்கத்தை இறுதி உரையாகக் கொள்ளத் தயங்கும் தமிழாய்வு, திரைப்படத்தின்பால் மட்டும் இத்துணை நம்பிக்கை காட்டுவதற்குத் தக்க காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. இயக்குநர் தம் தொழில் குறித்துப் பேசுவது அகச்சான்றா, புறச்சான்றா, அன்றி இரண்டிலும் அடங்காத வேறொன்றா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இதற்கு, திரைத்தொழில் பற்றிய உரையாடல்களுள் உலகெங்கும் மிகுதியாகப் பயிலப்படும் ஹிட்ச்காக் – த்ரூஃபோ உரையாடல் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

உரையாடலின் களம்

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1962ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குக்கு மடல் எழுதி, அவருடைய படங்கள் அனைத்தையும் குறித்து வரிசையாக வினவ இசைவு கேட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் உரையாடல் நிகழ்ந்தது. தொடங்கிய நாளாகிய ஆகஸ்ட் 13 ஹிட்ச்காக்கின் பிறந்தநாள். அன்று அவருக்கு 63 வயது நிறைந்தது. த்ரூஃபோவுக்கு வயது 30. அதுவரை அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் மூன்றே. ஒருவர் மொழி மற்றவருக்குப் போதிய அளவு தெரியாமையால் ஹெலன் ஸ்காட் என்பவர் உடனிருந்து மொழிபெயர்த்தார். பேச்சு முழுவதும் ஒலிநாடாவில் பதிவாயிற்று. அதிலிருந்து உருவான நூல் 1966இல் பிரெஞ்சிலும் 1967இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

த்ரூஃபோவின் நோக்கம் வெளிப்படையானது. அந்நாளில் அமெரிக்கத் திறனாய்வாளர் பலர் ஹிட்ச்காக்கைத் திறமைமிக்க பொழுதுபோக்காளராகக் கருதினரேயன்றிக் கலைஞராகக் கருதவில்லை. 'கையே து சினிமா' இதழில் எழுதிவந்த காலத்திலிருந்தே அவரைப் படைப்பாளர் என நிறுவ முயன்ற குழுவைச் சேர்ந்தவர் த்ரூஃபோ. ஆகவே, அவருடைய வினாக்கள் வெறுமனே செய்தி அறியும் வினாக்கள் அல்ல. ஒரு வழக்கை நிறுவுவதற்கான வினாக்கள். விடையளித்தவரும் இதனை நன்கு அறிந்திருந்தார். இவ்வுரையாடலைச் சான்றாகக் கொள்வோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

பாட நிலை

சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளருக்கு இந்நூலின் பாட நிலை வியப்பளிக்காது. ஹிட்ச்காக் ஆங்கிலத்தில் பேசினார். அது பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டுச் சுருக்கப்பட்டு, படங்களின் கால வரிசைப்படி ஒழுங்கு செய்யப்பட்டு நூலாயிற்று. ஒலிநாடாப் பகுதிகள் பின்னாளில் வானொலியில் ஒலிபரப்பாயின. அவற்றோடு ஒப்பிடுகையில், நூலிலுள்ள ஹிட்ச்காக் நாடாவில் கேட்கும் ஹிட்ச்காக்கைவிடச் செறிவாகவும் தடையின்றியும் பேசுகிறார். தயக்கங்கள், இடையீடுகள், மொழிபெயர்ப்பாளரின் குறுக்கீடுகள் ஆகியவை நூலில் இல்லை. ஆயினும், ஆங்கிலப் பதிப்பிலுள்ள தொடர்களை ஹிட்ச்காக்கின் வாய்ச்சொற்களாகவே கொண்டு, ஒரு சொல்லின் தேர்விலிருந்து அவருடைய மனநிலையை உய்த்துணரும் கட்டுரைகள் பல உள்ளன. பாடவேறுபாடு நோக்காமல் ஒரு சங்கப் பாடலின் சொல்லாட்சியை ஆராய்வதற்கு இது நிகராகும்.

நுட்பம் குறித்த கூற்றுகள்

இந்நூலில் மிகுதியும் மேற்கோள் காட்டப்படுவது மேசைக்கு அடியிலுள்ள வெடிகுண்டு பற்றிய பகுதி. இருவர் பேசிக்கொண்டிருக்கின்றனர், திடீரெனக் குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கிருப்பதும் அது வெடிக்கும் நேரமும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த இருவரின் சுவையற்ற பேச்சே பதற்றம் நிறைந்ததாகிவிடுகிறது. பார்வையாளர் உள்ளத்தில் காட்சிக்குள் குறுக்கிட்டு எச்சரிக்கும் வேட்கை எழுகிறது. முன்னதை வியப்பு எனவும் பின்னதை சஸ்பென்ஸ் எனவும் ஹிட்ச்காக் பிரிக்கிறார். அவர் கருத்துப்படி, இயன்ற இடமெல்லாம் பார்வையாளருக்குச் செய்தியை அறிவித்துவிட வேண்டும்.

இக்கூற்றின் சிறப்பு அது சோதிக்கத்தக்கது என்பதில் உள்ளது. சோதனையை ஹிட்ச்காக்கே முன்வைக்கிறார். ஜோசப் கான்ராடின் நாவலைத் தழுவி அவர் 1936இல் எடுத்த 'சபோடாஜ்' படத்தில், தான் சுமப்பது வெடிகுண்டு என்றறியாத சிறுவன் ஒருவன் இலண்டன் நகரில் அதனை எடுத்துச் செல்கிறான். வழியில் கூட்டத்தாலும் ஊர்வலத்தாலும் தாமதமாகிறது. குண்டு வெடிக்கும் நேரம் பார்வையாளருக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது. மேசைக் குண்டுக்குரிய விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளது. இறுதியில் பேருந்தில் குண்டு வெடித்துச் சிறுவன் இறக்கிறான். பார்வையாளர் இதனை வெறுத்தனர் என்றும், தாம் செய்தது பெரும் பிழை என்றும் ஹிட்ச்காக் கூறுகிறார். குழந்தையைத் திரையில் சாகவிடுவது திரைப்படத்தின் ஆற்றலைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு நெருங்கி வருகிறது என்னும் கருத்தை த்ரூஃபோ தெரிவிக்கிறார்.

இவ்விடத்தில் இருவரும் சற்று விரைந்துவிட்டனர் எனத் தோன்றுகிறது. குழந்தையின் இறப்பு மட்டுமே அக்காட்சியின் சிக்கல் அன்று. பார்வையாளரிடம் எச்சரிக்கும் வேட்கையைத் தூண்டிவிட்டு, அவ்வேட்கை நிறைவேற வழியின்றி அடைத்துவிடுவதே சிக்கல். மேசைக் குண்டு பற்றிய விதி, பதற்றத்தை உண்டாக்கும் முறையை மட்டும் கூறுகிறது. அப்பதற்றத்தைத் தணிக்க வேண்டிய கடப்பாட்டைக் கூறவில்லை. விதியின் இக்குறையைப் படமே காட்டிக் கொடுக்கிறது. எனினும், அச்சிறுவனின் இறப்பு இல்லையேல் அவன் தமக்கை இரவுணவு வேளையில் கணவனைக் கத்தியால் குத்தும் பிற்காட்சிக்கு வலுவே இராது. இயக்குநர் பிழை என ஒதுக்குவதைப் படத்தின் கட்டமைப்பு பிழை எனக் கொள்ளவில்லை. இயக்குநர் கூற்றுக்கும் படத்துக்கும் முரண் நேரும்போது படத்தின் பக்கம் நிற்பதே ஆய்வு நெறி.

ஒரே படம், இரு கூற்றுகள்

1941இல் வெளிவந்த 'சஸ்பிஷன்' படம் இச்சிக்கலை மேலும் தெளிவாக்குகிறது. கணவன் தன்னைக் கொல்லக்கூடும் என மனைவி ஐயுறுகிறாள். கணவனாக நடித்தவர் கேரி கிராண்ட். இருண்ட மாடிப்படிகளில் அவர் ஒரு கோப்பைப் பாலை ஏந்தி ஏறிவரும் காட்சி புகழ்பெற்றது. பார்வையாளரின் கண் பாலின்மீதே நிலைக்க வேண்டும் என்பதற்காகக் கோப்பைக்குள் சிறு விளக்கு ஒன்றை வைத்ததாக ஹிட்ச்காக் கூறுகிறார். படத்தைக் காண்போர் இதனை உடனே உறுதிசெய்து கொள்ளலாம். சூழ இருள் செறிந்திருக்கப் பால் மட்டும் தன்னொளியோடு திகழ்கிறது.

அதே படத்தின் முடிவு பற்றியும் அவர் பேசுகிறார். தாம் எண்ணிய முடிவில் கணவன் உண்மையிலேயே கொலைகாரன். மனைவி அறிந்தே நஞ்சு கலந்த பாலைக் குடிக்கிறாள். ஆனால் அவன் குற்றத்தைத் தெரிவிக்கும் மடலைத் தன் தாய்க்கு எழுதி, அதனை அவன் கையிலேயே அஞ்சலில் சேர்க்கக் கொடுத்துவிடுகிறாள். கேரி கிராண்ட் கொலைகாரனாக நடிப்பதைத் தயாரிப்புத் தரப்பு ஏற்காது என்பதால் முடிவு மாறிற்று என்பது அவர் விளக்கம். இது சுவையான செய்தி. பல நூல்கள் இதனை அப்படியே வழிமொழிந்தன. ஆனால் டொனால்டு ஸ்போட்டோ 1983இல் வெளியிட்ட ஹிட்ச்காக் வாழ்க்கை வரலாறு, தயாரிப்பு நிறுவனக் குறிப்புகளைக் கொண்டு இதனை மறுக்கிறது. ஒரு பெண்ணின் மனக்கற்பனையைப் பற்றிய படமாகவே ஹிட்ச்காக் தொடக்கத்திலிருந்து அதனைக் கருதினார் என்பது ஸ்போட்டோவின் வாதம்.

இரு கூற்றுகளும் ஒரே வாயிலிருந்து, ஒரே படம் குறித்துப் பிறந்தவை. முதற்கூற்று திரையில் தெரியும் விளைவுக்குக் காரணம் கூறுகிறது. அதற்குப் படமே சான்று. இரண்டாவது, எடுக்கப்படாத ஒரு காட்சியைப் பற்றி இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எழும் நினைவு. அதற்குப் படம் சான்றாகாது. ஆவணமே வேண்டும். 'இயக்குநர் கூறுகிறார்' என்னும் ஒரே அடைமொழியின் கீழ் இரண்டையும் ஒருங்கே வைப்பது முறையன்று.

கூற்றில் இடம்பெறாதோர்

1958இல் வெளிவந்த 'வெர்டிகோ' படத்தில் உயரம் கண்டு நாயகனுக்குத் தலைசுற்றும் ஷாட், ஒளிப்பதிவுக் கருவி நகரும் திசைக்கு எதிராக லென்ஸின் குவியத்தொலைவை மாற்றி எடுக்கப்பட்டது. இவ்வுணர்வைத் திரையில் கொணர நெடுங்காலம் எண்ணியிருந்ததாகவும், மாடிப்படியின் சிற்றுருவைப் பக்கவாட்டில் கிடத்தி எடுத்ததால் 50,000 டாலராகக் கணக்கிடப்பட்ட செலவு 19,000 டாலராகக் குறைந்ததாகவும் ஹிட்ச்காக் விளக்குகிறார். இந்நுட்பத்தைச் செயற்படுத்தியவராக அறியப்படும் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸின் பெயர் அவ்விளக்கத்தில் இல்லை. படத்தின் பெயர்ப் பட்டியலிலும் இல்லை.

'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியில் இது வழக்காகவே மாறிற்று. அப்படத்தில் காட்சி ஆலோசகராகப் பெயர் பெற்ற சால் பாஸ், அக்காட்சிக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தவர். பின்னாளில் அதனை இயக்கியதே தாம்தான் என்றார். ஹிட்ச்காக்கோ த்ரூஃபோவிடம் பாஸின் பங்களிப்பை வேறொரு காட்சியோடு நிறுத்திவிடுகிறார். அதில் நடித்த ஜேனட் லீ, இயக்கியவர் ஹிட்ச்காக்கே என உறுதியாகக் கூறினார். எஞ்சியுள்ள ஓவியங்களையும் படத்தையும் ஒப்பிட்டால், பாஸின் உரிமைக்கோரல் மிகை என்பதும் ஹிட்ச்காக்கின் மௌனம் அதனினும் மிகை என்பதும் புலப்படும். இனி, இசை. அக்காட்சிக்கு இசையே வேண்டாம் என ஹிட்ச்காக் முதலில் எண்ணினார். பெர்னார்ட் ஹெர்மன் அதனை மீறி இசையமைத்துக் காட்டிய பிறகே ஏற்றார். இன்று அவ்விசையை நீக்கி அக்காட்சியை எவரும் நினைப்பதில்லை.

படம் தாளிலேயே முடிந்துவிடுகிறது, படப்பிடிப்பு வெறும் நிறைவேற்றமே என ஹிட்ச்காக் பலமுறை கூறியதையும் இங்கு இணைத்து நோக்கலாம். பில் குரோன் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தயாரிப்பு ஆவணங்களை வைத்து, படப்பிடிப்பின்போதும் அவர் திருத்தியும் புதிதாகச் சேர்த்தும் வந்தார் எனக் காட்டிற்று. ஒருவரே அனைத்தையும் முன்கூட்டி வகுத்தார் என்னும் சித்திரம், படைப்பாளர் கோட்பாட்டை நிறுவ வந்த த்ரூஃபோவுக்கும் உகந்ததாகவே இருந்தது.

பாயிர மரபின் வெளிச்சம்

இதனைப் பொய்யுரை எனக் கொள்வது எளிது, ஆனால் பொருந்தாது. தமிழ் இலக்கண மரபு இதற்கு நுண்ணியதொரு வழியைக் காட்டுகிறது. சிறப்புப்பாயிரம் உரைப்பதற்கு உரியோராக நன்னூல், நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகியோரைச் சுட்டுகிறது. நூலாசிரியன் இப்பட்டியலில் இல்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் உடன்கற்ற பனம்பாரனார். தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்கும் நன்னூல், அடுத்து அதற்கு விதிவிலக்கான இடங்களையும் கூறுகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது.

ஹிட்ச்காக்கின் உரையாடலுக்கு இவற்றுள் இரண்டு நேரே பொருந்துகின்றன. அவர் ஆற்றலை உணராத திறனாய்வாளர்களை நோக்கியே அந்நூல் எழுந்தது. வெல்ல வேண்டிய அவை ஒன்று இருந்தது. த்ரூஃபோவோ மாணாக்கராகவும் உரைகாரராகவும் ஒருங்கே நின்று பாயிரம் உரைத்தவர். பவணந்தியார் தற்புகழ்ச்சியை மெய், பொய் என்னும் அளவுகோலால் அளக்கவில்லை. எவ்விடத்து, எவர்முன் என்னும் களத்தால் அளந்தார். இயக்குநர் கூற்றை அகச்சான்று, புறச்சான்று எனப் பகுக்க முனைவதைவிடப் பாயிரமாகக் கொண்டு, உரைத்தவர், கேட்டவர், களம், காரணம் ஆகியவற்றை முதலில் வினவுவது பயனுடையது. அவ்வாறு வினவிய பின்னரும், நுட்பம் பற்றிய கூற்றுகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். உதிர்பவை பெரும்பாலும் வரலாறு பற்றியவை.

தமிழ்ச் சூழலில்

தமிழில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை மூலமாகச் சுட்டுகிறது. படமோ கதையினின்று வெகுதொலைவு விலகிச் செல்கிறது. ஆற்றங்கரை முடிவு முற்றிலும் திரைப்படத்துக்கே உரியது. மூலம் எனச் சுட்டியதை மட்டும் நம்பி அமைக்கப்படும் ஒப்பாய்வு, ஒற்றுமைகளைத் தேடித் தோற்கும். அதனை நன்றிக்கடனாகக் கொண்டால், ஒரு சிறுபொறி எவ்வாறு வேறொரு படைப்பாயிற்று என்னும் வினா பிறக்கும். இங்கு இயக்குநர் தமக்குரியதைப் பிறர்க்கு அளிக்கிறார். ஹிட்ச்காக்கின் போக்குக்கு நேர்மாறு. எனினும் ஆய்வாளர் செய்ய வேண்டிய பணி ஒன்றே: இரு பனுவல்களையும் அருகருகே வைத்துப் படித்தல்.

ஹிட்ச்காக் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது போன்ற நிறுவன ஆவணங்கள் தமிழ்ப் படங்களுக்கு அரிதாகவே கிடைக்கின்றன. ஆதலின் இயக்குநர் நினைவே பல படங்களுக்குத் தனிச்சான்றாக நின்றுவிடுகிறது. தணிக்கைக்கு அளிக்கப்பட்ட வசனப்படிகள், படம் வெளியான காலத்து இதழ் மதிப்புரைகள், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பேணப்படும் பாட்டுப் புத்தகங்கள் ஆகியவை அந்நினைவோடு ஒப்பிடத்தக்கவை. பாட்டுப் புத்தகத்திலுள்ள கதைச்சுருக்கம் படம் வெளியான நாளிலேயே அச்சானது. எனவே அது பின்னாளைய நினைவின் திரிபுக்கு ஆளாகாதது. ஒரேயொரு குறை: முடிவு மாறியதா என்றறிய விரும்பும் ஆய்வாளர் அதனைத் திறந்தால், பெரும்பாலும் கதை உச்சத்தை நெருங்கும் வேளையில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும்.