ஒரே மேசை, பல கைகள்

கடையைப் புதுப்பிக்கவோ, புதிய கிளை ஒன்றைத் திறக்கவோ தீர்மானித்தால் நாம் என்ன செய்கிறோம்? படம் வரைபவரிடம் போகிறோம். அவர் கணனியின் முன்னால் அமர்ந்திருப்பார். பங்காளிகள் நாலு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். மவுஸ் ஒருவர் கையில், மற்றவர்களுக்கு வாய் மட்டும்தான். அதிலும் மூத்தவர் பேசிவிட்டால் இளையவர்கள் தலையாட்டுவதோடு சரி. பல இலட்சம் ரூபா செலவாகும் காரியம் இப்படித்தான் முடிவாகிறது. வேலை முடிந்து கடை திறந்த பிறகுதான், "அந்த இடத்தில் மூட்டை இறக்க ஏலாது என்று எனக்கு அப்பவே தெரியும்" என்று ஸ்டோரில் வேலை செய்யும் பையன் சொல்லுவான். தெரிந்தவன் இருந்தான், அவனுக்குச் சொல்ல இடம் இருக்கவில்லை.

இந்தச் சிக்கலை மேலைநாட்டு ஆய்வுகூடங்கள் வேறு விதமாக அணுகின. நிற்கும் திரையைப் படுக்க வைத்து, மேசையையே கணனியாக்கினால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த சீரொக்ஸ் ஆய்வுகூடத்தில் பியர் வெல்னர் என்பவர், மேசைக்கு மேலே கமராவையும் ஒளிவீச்சுக் கருவியையும் பொருத்தினார். காகிதத்தில் அச்சாகியிருக்கும் தொகையை விரலால் சுட்டினால் மேசையில் தெரியும் கணிப்பான் அதை எடுத்துக் கொள்ளும்.

கூட்டாக வடிவமைப்பதற்குச் சிறந்த உதாரணம் 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோன் அண்டர்கொஃப்ளரும் ஹிரோஷி இஷியும் வெளியிட்ட நகரத் திட்டமிடல் மேசையாகும். கட்டடத்தின் சிறிய மாதிரியை அதில் வைத்தால் அதன் நிழல் மேசையில் விழும். நேரத்தை மாற்றினால் நிழலும் நகரும். காற்று எப்படி வீசும் என்பதையும் காட்டும். ஒருவர் ஒரு கட்டடத்தை நகர்த்தும்போதே மற்றவர் இன்னொன்றை நகர்த்தலாம். படம் வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

2001இல் மிட்சுபிஷியின் அமெரிக்க ஆய்வுகூடம் டயமண்ட்டச் என்ற மேசையை அறிமுகப்படுத்தியது. பலர் ஒரே நேரத்தில் தொட்டாலும் எந்தத் தொடுகை யாருடையது என்பதை அது அறியும். மேசையிலிருந்து மெல்லிய சமிக்ஞை தொடுபவரின் உடம்பு வழியே அவருடைய கதிரைக்குப் போவதால் ஆள் தெரிந்துவிடும். 2007இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 30 அங்குலத் திரையுடன் ஒரு மேசையை அறிவித்தது. விலை சுமார் 10,000 டொலர்.

இனி, வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருவோம். மேசை ஏன் கூட்டு யோசனைக்கு உதவுகிறது?

முதலாவது காரணம் காத்திருப்பு. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. நால்வர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளை விட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தபோது கூடுதலாக இருந்தன. 1987இல் ஜேர்மனியில் டீல், ஸ்ட்ரோப் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு முக்கிய காரணத்தைக் காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனதில் வந்தது போய்விடுகிறது. மேசையிலோ நாலு பேரும் ஒரே நேரத்தில் கை வைக்கலாம்.

இரண்டாவது காரணம் இடம். கனடாவில் ஸ்டேசி ஸ்கொட்டும் அவருடைய குழுவினரும் சாதாரண மேசைகளைச் சுற்றி மக்கள் வேலை செய்வதை அவதானித்து 2004இல் எழுதினார்கள். யாரும் சொல்லாமலே மேசை மூன்றாகப் பிரிகிறது. அவரவருக்கு முன்னால் சொந்த இடம், நடுவில் பொது இடம், ஓரத்தில் பொருள் வைக்கும் இடம். தன் இடத்தில் தனியாக முயன்று பார்த்து, சரி என்று பட்டால் நடுவுக்குத் தள்ளுகிறார்கள். வெட்கப்படுபவனுக்கு இது பெரிய உதவி.

ஆனால் மேசை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மூத்தவர் எல்லாக் காயையும் தானே நகர்த்தினால் 10,000 டொலர் மேசையும் வீண்தான். ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும் தொல்லையும் உண்டு.

நமக்கு அந்த இயந்திரம் தேவையில்லை, அதன் முறை போதும். எங்கள் கடையில் இறாக்கைகளை மாற்றும்போது நான் கையாண்ட வழி இது.

1. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் கடையைப் பெரிய தாளில் வரையுங்கள். 40 அடிக்கு 18 அடிக் கடை, 20 அங்குலத்துக்கு 9 அங்குலமாகும். கதவு, தூண், மின்சாரப் பெட்டி எல்லாவற்றையும் குறியுங்கள்.

2. இறாக்கை, காசு மேசை, குளிர்சாதனப் பெட்டி என ஒவ்வொன்றையும் அதே அளவில் தடித்த அட்டையில் வெட்டுங்கள். நாலடிக்கு ஒன்றரை அடி இறாக்கை, இரண்டு அங்குலத்துக்கு முக்கால் அங்குலம்.

3. தாளைச் சுவரில் ஒட்டாமல் மேசையில் விரியுங்கள். விற்பனையாளர், ஸ்டோர்காரர், காசாளர் எல்லோரையும் சுற்றி நிற்க வையுங்கள்.

4. முதல் பத்து நிமிடம் எவரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் ஒரு சிறு தாளில் தம் யோசனையை வரையட்டும். பிறகு நடுவுக்கு வரட்டும்.

5. முதலாளி கடைசியாகக் கை வைக்க வேண்டும். இதுதான் கஷ்டமான நிபந்தனை.

6. முடிவானதை அட்டைகளோடு படம் பிடித்து வைத்துக் கொண்டு, அதன் பிறகு படம் வரைபவரிடம் போங்கள்.

நாங்கள் செய்தபோது, சாமான் கட்டும் தம்பி ஒன்றும் பேசவில்லை. அரிசி இறாக்கை அட்டையை எடுத்துப் பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தான். மூட்டை தூக்கும் தூரம் பாதியாகக் குறைந்தது. வாய் திறந்து சொல் என்றால் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

மஷூரா என்று கூட்டி வைத்து ஒருவரே பேசினால் அது அறிவித்தல்தான், ஆலோசனை ஆகாது. இறாக்கைகளுக்கு ஆணி அடித்த பிறகு மாற்றுவதற்குக் காசு போகும். அட்டையை நகர்த்தச் செலவே இல்லை. அடுத்த முறை கடையில் ஒரு மாற்றம் செய்யும் முன் தாளும் கத்தரிக்கோலும் எடுங்கள், உங்கள் ஊழியர்களின் கைக்கு வேலை கொடுங்கள்.