லினக்ஸ் பதியும்போது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பல பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது. திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகத்திலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கி, குண்டடத்தில் வீட்டில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். அதனால் பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. எல்காட் நிறுவனம் 2007-லேயே சூஸி லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. ஆனால் அவையெல்லாம் ஏற்கெனவே பதிந்து தரப்பட்டவை. இப்போது நாமே பதிய வேண்டும். பென் டிரைவில் பூட் செய்து, மொழியைத் தேர்வு செய்து, எங்கே பதிவது என்ற கட்டத்துக்கு வந்தால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. அல்லது உங்கள் பென் டிரைவை மட்டும் காட்டுகிறது.

உடனே கடைக்குத் தூக்கிப் போனால், "டிஸ்க் போச்சுங்க, வேற மாத்திரலாம்" என்ற பதில் கிடைக்கலாம். அந்தச் செலவுக்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். பயாஸுக்கு அந்த டிஸ்க் தெரிகிறதா?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் கீயை விட்டு விட்டு அழுத்தவும். டெல் என்றால் எப் 2, எச்.பி. என்றால் எப் 10, லெனோவோ என்றால் பெரும்பாலும் எப் 1. பயாஸ் திரையில் சாட்டா அல்லது ஸ்டோரேஜ் என்ற பகுதியில் டிஸ்க்கின் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாடல் எண் இல்லையென்றால் லினக்ஸ் மேல் குற்றமில்லை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு கேபினெட்டைத் திறக்கவும். தையல் நடக்கும் இடத்தில் ஓடிய கம்ப்யூட்டர் என்றால் உள்ளே பஞ்சு மெத்தையே இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். பிறகு சாட்டா கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டவும். வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட், வேறு பவர் ஒயர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாமல் போகும். பயாஸில் அந்த போர்ட்டே டிஸேபிள் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவும்.

அகலமான பட்டைக் கேபிள் உள்ள மிகப் பழைய ஐ.டி.இ. டிஸ்க்காக இருந்தால் ஜம்பர்தான் முதல் சந்தேகம். ஒரே கேபிளில் டிஸ்க்கும் சிடி டிரைவும் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டுமே மாஸ்டர் என்றால் இரண்டும் காணாமல் போகலாம். இன்னொன்று, வியா நிறுவனத்தின் விடி 8237 சிப் உள்ள பழைய மதர்போர்டுகள், பின்னாளில் வந்த வேகமான சாட்டா டிஸ்க்குகளைக் கண்டுகொள்ளாது. டிஸ்க்கின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்கும் ஜம்பர் இருந்தால் அதை மாட்டினால் போதும்.

பயாஸில் டிஸ்க் தெரிகிறது, லினக்ஸில்தான் தெரியவில்லையா? நல்ல செய்தி. டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே பயாஸில் சாட்டா மோட் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ரெய்ட் என்றோ இன்டெல் ஆர்.எஸ்.டி. என்றோ இருந்தால், அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றி, சேமித்து, மறுபடி பென் டிரைவில் பூட் செய்யவும். பெரும்பாலான வீடுகளில் பிரச்னை இத்தோடு தீரும்.

நீங்கள் தொடாத செட்டிங் எப்படி மாறும் என்று கேட்கலாம். மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பும். சில அலுவலக மாடல்களில் அந்தப் பழைய நிலையே ரெய்ட்தான். தேதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கி ஓடினால் பேட்டரியை மாற்றுங்கள். பெட்டிக் கடையில்கூடக் கிடைக்கும்.

ஆனால் அதே டிஸ்க்கில் விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். மோடை நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். விண்டோஸ் 10-ல் முதலில் எம்எஸ்கான்பிக் சென்று சேப் பூட்டைத் தேர்வு செய்யவும். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மோடை மாற்றவும். சேப் மோடில் ஒருமுறை திறந்த பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிடலாம். இரண்டு டிஸ்க்குகளை உண்மையிலேயே ரெய்டாக இணைத்துக் கணக்கு வழக்கு வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் கோப்புகளை வேறிடத்தில் காப்பி எடுக்காமல் இந்த செட்டிங்கைத் தொடவே கூடாது.

மோட் சரியாக இருந்தும் தெரியவில்லையா? பதியாமல் ஓட்டிப் பார்க்கும் 'டிரை' வசதியில் உள்ளே செல்லுங்கள். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டவும். கிடைக்கும் பட்டியலில் உங்கள் டிஸ்க்கை அதன் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். 500 ஜிபி டிஸ்க் 465 என்று வரும். பயப்பட வேண்டாம், எதுவும் குறையவில்லை. பழைய புத்தகங்களில் எச்டிஏ என்று இருப்பது இப்போது எஸ்டிஏ என்றே வரும்.

இங்கே தெரிந்து, பதியும் திரையில் மட்டும் தெரியாத டிஸ்க், முன்பு ஏதோ அலுவலகத்தில் ரெய்டில் வேலை பார்த்ததாக இருக்கலாம். அந்த அடையாளம் டிஸ்க்கில் அப்படியே தங்கியிருக்கும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் உள்ள 'டிஸ்க்ஸ்' புரோகிராம் 'ரெய்ட் மெம்பர்' என்று காட்டினால் இதுதான் காரணம். வைப்எப்எஸ் என்ற கட்டளையால் அந்த அடையாளத்தை அழிக்கலாம். தவறான டிஸ்க்கின் பெயரை அடித்தால் அங்கிருக்கும் போட்டோக்களும் பில்களும் எட்டாமல் போய்விடும். எனவே வேண்டியதை முதலில் காப்பி எடுங்கள். மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வது உத்தமம்.

வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியும் பயாஸில் வராமல், 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் கேட்டால் டிஸ்க் உண்மையிலேயே பழுதாகிவிட்டது. உள்ளே முக்கியமான கோப்புகள் இருந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து சோதிக்காமல், அப்படியே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுத்துவிடவும்.