உறங்கும் ஆறும் உயிருள்ள நிலமும்

நுழையும்முன்

ஆறு உறங்குவதும் மனிதன் புலியாவதும் கற்பனை என்றே பலராலும் கருதப்படுகின்றன. அவற்றைத் தம் நிலத்தைப் பற்றிய அறிவாகப் போற்றிவரும் தொல்குடி மக்களும் உள்ளனர். அவ்வறிவை நாவலாக்கிய நாகா எழுத்தாளர் ஒருவரின் வாழ்வையும் படைப்பையும், அவை வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்திற்கு உணர்த்தும் செய்தியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வாழ்வும் பணியும்

ஈஸ்டரின் கிரே, 1959ஆம் ஆண்டு நாகாலாந்தின் கோகிமாவில் அங்காமி நாகா குடும்பத்தில் பிறந்தார். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, நாகாலாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1982இல் வெளியான அவருடைய கவிதைத் தொகுப்பு, நாகா இனத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் கவிதை நூலாகும். 2003இல் வெளியான அவரது நாவல், அவ்வினத்தவர் எழுதிய முதல் ஆங்கில நாவலாகும். ஆங்கிலேயரை எதிர்த்துக் கோனோமா ஊர் மக்கள் நிகழ்த்திய போராட்டத்தை அது சித்திரிக்கிறது. தாய்மொழியில் வாய்மொழியாக வழங்கிவந்த 200 பாடல்களையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். பாடியோர் மறைந்தால் பாடலும் மறையும் என்னும் நிலையில், இப்பணி ஓர் இனத்தின் நினைவைக் காக்கும் பணியாயிற்று. தற்போது அவர் நார்வே நாட்டில் வாழ்ந்துவருகிறார்.

பெயர் சொல்லி அழைத்தல்

2014இல் வெளியான 'வென் தி ரிவர் ஸ்லீப்ஸ்' (ஆறு உறங்கும்பொழுது) என்னும் நாவல், தி இந்து இலக்கியப் பரிசைப் பெற்றது. அப்பரிசு 2016 சனவரியில் சென்னையில் வழங்கப்பட்டது. காட்டில் தனித்து வாழும் வேட்டைக்காரனான விலி என்பவனே கதைத்தலைவன். ஆறு உறங்கும் நொடியில் அதன் படுகையிலிருந்து கல்லொன்றை எடுப்பவன் வேண்டியதைப் பெறுவான் என்னும் நம்பிக்கை அவனை நெடும்பயணத்தில் செலுத்துகிறது.

வழியில் புலிகள் அவனை நெருங்குகின்றன. அவை வெறும் விலங்குகள் அல்ல. ஆவியைப் புலியுருவில் உலவவிடும் ஆற்றல் பெற்ற தன் குலத்தாரே என்பதை விலி உணர்கிறான். உடனே அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துத் தன்னையும் உறவையும் எடுத்துரைக்கிறான். காட்டோடும் அதன் உயிர்களோடும் மனிதனுக்குள்ள உறவை இக்காட்சி புலப்படுத்துகிறது. உறவை அறிந்தவன் காட்டிலும் அயலான் ஆவதில்லை.

திறனாய்வாளர் சிலர் இத்தகைய படைப்புகளை மிகுபுனைவு என வகைப்படுத்துவர். ஆயின், நாகா மரபில் ஆவியுலகு அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகும். ஒரு நிலத்தின் கருப்பொருள்களைக் கூறவந்த தொல்காப்பியர், தெய்வத்தை முதலில் வைத்து, உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றை அதனோடு ஒரே வரிசையில் அமைத்தார். அந்நோக்கை அறிந்த தமிழர்க்குக் கிரேயின் உலகு அயலானதன்று. 'ஸ்பிரிட் நைட்ஸ்' (ஆவிகளின் இரவுகள்) என்னும் நாவலுக்காக 2024ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

கழிமுகத்தின் கதை

உறவாக அறியப்பட்ட ஆறு, வெறும் நீர்ப்பரப்பாகக் கருதப்படும்பொழுது நேர்வது யாது? இவ்வினாவிற்கு எண்ணூர் விடை தருகிறது. அங்கே கொசத்தலையாறு வங்கக் கடலோடு கலக்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் சேரும் கழிமுகத்தில் இறாலும் நண்டும் செழித்திருந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததால் அதன் ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய், அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மீனவர்தம் பிழைப்பு முடங்கியது.

எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான நீர்நிலைகளை நம்பி மீனவரோடு இருளர் பழங்குடியினரும் வாழ்கின்றனர். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் திறன் அவர்களுக்கு உண்டு. தம் குலதெய்வமாகிய கன்னியம்மனை மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் ஒன்றுகூடி வழிபடுவர். கடலைத் தெய்வத்தின் இருப்பிடமாக எண்ணும் மக்களுக்கு அது கழிவு கொட்டும் இடம் ஆகாது. அவர்தம் கதைகளைக் கட்டுக்கதை என ஒதுக்குவோர், அவற்றுள் பொதிந்துள்ள சூழலறிவையும் இழப்பர். சாம்பலை அகற்ற இயந்திரங்கள் உண்டு. மறந்துபோன கதையைக் கேட்டறிய, அதைச் சொல்லும் முதியோர் இருத்தல் வேண்டும். கிரே தம் மக்களின் பாடல்களைத் தொகுத்தது அக்காலம் கடந்துவிடும் முன்னரே ஆகும். வடசென்னையின் கழிமுகக் கதைகளும் அத்தகைய எழுத்தாளருக்காகக் காத்திருக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள ஆறு, ஏரி அல்லது கடற்கரை குறித்து வழங்கும் கதையொன்றை முதியோரிடம் கேட்டு, அவர் சொன்னவாறே எழுதுக.

2. மீனவர் ஒருவரைச் சந்தித்து, நீர்ப்பரப்பின் பகுதிகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைத் தொகுத்து வகுப்பறையில் படிக்க.

3. 'தொல்குடியினர் கதைகள் கற்பனையே. சூழலறிவே' – என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.