நாயும் அக்கம்பக்கமும் ஒத்துப்போக சில குறிப்புகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் நாயை வைத்துக் கிளம்பும் சண்டைகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் ஆரம்பிக்கின்றன. அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டியவர்கள் நாய் வளர்ப்பவர்களே.

1. வாக்கிங் கிளம்பும்போது காலியான பிரெட் கவர் இரண்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கவருக்குள் கையை விட்டு, கையுறை மாதிரி பிடித்து அசிங்கத்தை அள்ளுங்கள். அப்படியே கவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி முடிச்சுப் போட்டுவிட்டால் கையில் ஒட்டாது. குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். உரமாகட்டும் என்று பூந்தொட்டியில் புதைக்காதீர்கள். அதிலுள்ள குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு ஆகாது.

2. காலையில் கோலம் போட்டிருக்கும் வாசல்களை விட்டு விலகி, நாயைத் தெருவின் மறுபக்கமாக அழைத்துச் செல்லுங்கள்.

3. பார்க்கிங் தூணில் சிறுநீர் வாடை வந்தால் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளியுங்கள். வாடை போகாவிட்டால் அதே இடத்துக்கு நாய் திரும்பத் திரும்ப வரும். மார்பிள், கடப்பா கல் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம்; பளபளப்பு போய்விடும்.

4. லிஃப்டில் யாராவது பயந்து ஒதுங்கினால், "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே உள்ளே நுழையாதீர்கள். "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்று சொல்லுங்கள். அந்த மரியாதையை யாரும் மறக்க மாட்டார்கள்.

5. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: முதலில் வளர்ப்பவரிடம் கேட்க வேண்டும். நாயே அருகில் வந்து முகர்ந்த பிறகு, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் கழுத்துக்குக் கீழே தடவ வேண்டும். சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடவே கூடாது.

6. நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போடவோ, நாயை ஏற்றுவதற்காக லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் கேட்கவோ அசோசியேஷனுக்கு உரிமையில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது இருக்கிறது. கூட்டத்தில் அதைக் காட்டுங்கள். கூடவே தடுப்பூசிச் சான்றின் நகலையும் கொடுங்கள். சட்டத்தைவிட அந்த நகலுக்குத்தான் அண்டை வீட்டார் மனம் இளகும்.

7. தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி ஓர் இடத்தை அசோசியேஷனோடு பேசி முடிவு செய்யுங்கள். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும் இதையே சொல்கின்றன. காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். தெருநாய்களுக்கு வைக்கும் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு பெருகும்.

8. வளர்ப்பு நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி பூஸ்டர். தெருவில் நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் டாக்டரை வரவழைத்தால் செலவு குறையும். எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறலாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் தடவாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்; ஊசி இலவசம்.