சங்கொலி கேட்டால்

ஒரு காலத்தில் தங்கவயல் மக்கள் சுரங்கத்துச் சங்கொலி கேட்டே வேலை நேரத்தை அறிந்தனர். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன, அச்சங்கும் ஓய்ந்தது. இன்று பங்காருபேட்டையிலிருந்து கோலார் செல்லும் சாலையில் நாம் கேட்பது வேறொரு சங்கொலி. அது 108 ஆம்புலன்ஸின் ஒலி. தீயணைப்பு வண்டியும் காவல் வண்டியும் அவ்வாறே ஒலி எழுப்பி விரைகின்றன. “ஓர் உயிர் ஆபத்தில் உள்ளது, வழிவிடுங்கள்” என்பதே அவ்வொலியின் பொருள்.

ஆயினும், காக்கச் செல்லும் வண்டியே விபத்துக்குள்ளாவதும் உண்டு. 2022 ஜூலை 20 அன்று, நம் கர்நாடக மாநிலத்தின் உடுப்பி மாவட்டத்தில் அத்தகைய துயரம் நிகழ்ந்தது. ஹொன்னாவரத்திலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், பைந்தூரை அடுத்த சிரூர் சுங்கச்சாவடியை நெருங்கியது. பணியாளர்கள் ஓடிவந்து தடுப்புகளை அகற்றினர். சாலையோ மழையால் நனைந்திருந்தது. விரைந்து வந்த வண்டி சறுக்கிச் சுழன்று சாவடியின்மீது மோதியது. நோயாளி உட்பட நால்வர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? ஈரச் சாலையில் சக்கரத்தின் பிடிமானம் குறையும்; விரையும் வண்டி நினைத்தவுடன் நிற்காது. சங்கொலி வழியைக் கேட்குமே அன்றி, வண்டியை நிறுத்தித் தராது. ஆகவே, வழி கடைசி நொடியில் அன்றி முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. அவசர வண்டியின் ஓட்டுநரும் சிவப்பு விளக்கைக் கடக்கையில் எச்சரிக்கையுடனேயே செல்லல் வேண்டும்.

மாணவர்களே! சங்கொலி கேட்டதும் சாலையைக் கடக்காமல் ஓரமாக நில்லுங்கள். ஒரு வண்டியின் பின்னே மற்றொன்று வரக்கூடும். இருபுறமும் பார்த்த பின்னரே கடந்து செல்லுங்கள். வண்டியில் செல்லும்போது, வேகத்தைக் குறைத்து ஒதுங்குமாறு பெரியோரிடம் கூறுங்கள். நாம் முன்னரே விடும் வழி, நோயாளியை மட்டுமன்று, அவரைச் சுமந்து செல்வோரையும் காக்கும்.

அருஞ்சொற்பொருள்
ஆயத்தம் – தயார் நிலை
பிடிமானம் – பற்றி நிற்கும் தன்மை
சுங்கச்சாவடி – சாலை வரி செலுத்தும் இடம்

பயிற்சி
1. தங்கவயலின் பழைய சங்கொலி எதனை அறிவித்தது?
2. சிரூரில் நிகழ்ந்த விபத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
3. பிரித்து எழுதுக: சங்கொலி, அவ்வொலி, இந்நிகழ்ச்சி.
4. “வழி முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்” – ஏன்? உம் சொற்களில் விளக்குக.